கல்வியும் காடும்

கல்வி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நூலும் எழுதுகோலும் கரும்பலகையும் நம் நினைவிற்கு வருகின்றன. காடு என்னும் சொல்லைக் கேட்டவுடன் மரமும் விலங்கும் அருவியும் நினைவிற்கு வருகின்றன. இவ்விரண்டற்கும் தொடர்பு யாது என மாணவர் வினவுதல் இயல்பே. ஆயினும், ஆய்ந்து நோக்குவார்க்கு இவற்றின் தொடர்பு நன்கு விளங்கும். காடு அழிந்த ஊரில் ஊற்று வற்றுகிறது, விறகு அரிதாகிறது. நீருக்கும் விறகுக்கும் நெடுந்தொலைவு நடந்து அலையும் சிறுமிக்குப் பள்ளி செல்லப் பொழுது ஏது? பள்ளி செல்லாத மக்கள் மிகுந்த ஊரில், ஊற்று வற்றியதன் காரணத்தை எடுத்துரைப்பார் யார்? இவ்வாறு ஒன்றன் கேடு மற்றொன்றன் கேட்டிற்குக் காரணமாகி, இறுதியில் வறுமை வந்து குடியேறுகின்றது.

இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் உலகிற்கு விளக்கிக் காட்டியவர் ஆப்பிரிக்கப் பெண்மணி ஒருவர். அவர் பெயர் வங்காரி மாத்தாய். அவர் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

தமையன் கேட்ட கேள்வி

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் கீழ்ப்பகுதியில் நிலநடுக்கோடு ஊடறுத்துச் செல்லும் நாடு கென்யா. அந்நாட்டின் நடுவே 5,199 மீட்டர் உயரமுள்ள கென்யா மலை ஓங்கி நிற்கின்றது. நிலநடுக்கோட்டின் அருகே இருந்தும் அம்மலையின் முடியில் பனி உறைந்து கிடப்பது வியப்பிற்குரியது. அம்மலையைக் காணத்தக்க நையேரி என்னும் வட்டாரத்தில், இகித்தே என்னும் சிற்றூரில், 1940ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் வங்காரி பிறந்தார். அவர் குடும்பம் கிகூயூ என்னும் மரபினைச் சேர்ந்த உழவர் குடும்பம். அக்காலத்தில் கென்யா ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தது.

அந்நாளில் அவ்வூர்ப் பகுதிகளில் ஆண்மக்களைப் பள்ளிக்கு அனுப்புவோர் சிலர் இருந்தனர்; பெண்மக்களை அனுப்புவோர் மிகச் சிலரே. பெண் குழந்தை தாய்க்குத் துணையாக நீர் கொணர்தலும், விறகு பொறுக்குதலும், தம்பி தங்கையரைப் பேணுதலும் வழக்கம். வங்காரியும் அவ்வாறே வளர்ந்து வந்தாள். ஒருநாள் அவள் தமையன் தாயை நோக்கி, எங்களைப் போல வங்காரியும் ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை என்று வினவினான். தாய் நல்லறிவு உடையவர். அவர் சிறிது எண்ணிப் பார்த்து, அவள் செல்லாதிருத்தற்குக் காரணம் ஒன்றும் இல்லையே என்று உணர்ந்தார். எட்டாம் வயதில் வங்காரி பள்ளியில் சேர்ந்தாள்.

சிறுவன் ஒருவன் கேட்ட அந்த எளிய கேள்வியால் ஒரு பெண்ணின் வாழ்வு மாறியது. பின்னர் ஒரு நாட்டின் நிலமும் மாறியது. அக்கேள்வி கேட்கப்படாத வீடுகள் அந்நாளில் எத்தனை இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அத்தியும் ஊற்றும்

வங்காரியின் வீட்டிற்கு அண்மையில் பெரியதோர் அத்திமரம் நின்றது. நம் நாட்டு ஆலும் அரசும் அத்தியும் எந்த இனத்தைச் சேர்ந்தனவோ, அதே இனத்தைச் சேர்ந்தது அம்மரம். விறகு பொறுக்கச் செல்லும் மகளிடம் தாய், அம்மரத்தின் சுள்ளியைக்கூட எடுத்தல் ஆகாது. அது கடவுளின் மரம் என்று கூறுவார். அம்மரத்தின் அருகே தெளிந்த ஊற்று ஒன்று சுரந்து ஓடையாக ஓடியது. வங்காரி வீட்டிற்கு நீர் முகக்க அங்கே செல்வாள். நீரில் தவளையின் முட்டைகள் கரிய மணிகள் போல் மிதக்கும். அவற்றை மாலையாக்கிக் கழுத்தில் அணிய வேண்டும் என்று விரும்பி, சிறுமி கையை நீருள் விடுவாள். அவை கையில் அகப்படாமல் உடைந்து போகும். சில நாள் கழித்து, மணிகள் மறைந்து, வாலுடைய சிறு குஞ்சுகள் நீரில் துள்ளித் திரியும். கரையில் தவளைகள் தாவும். இவற்றைக் கண்டு மகிழ்ந்த சிறுமிக்கு, இவை ஒரே உயிரின் பல்வேறு நிலைகள் என்பது பின்னாளில் பள்ளியில் கற்றபோதே தெரிந்தது.

அத்திமரத்தின் வேர் பாறையைத் துளைத்து ஆழச் சென்று நிலத்தடி நீரை எட்டும். அவ்வேரின் வழியே ஏறிவரும் நீர், மண்ணில் மெலிவான இடங்கண்டு ஊற்றாக வெளிப்படும். மலைச் சரிவில் மண் சரியாதபடி பற்றிக் கொள்வதும் அவ்வேரே. இதனையும் வங்காரி கற்ற பின்னரே அறிந்தார். முன்னோர் அறிவியல் கூறும் காரணத்தை அறிந்திலர். ஆயினும் அம்மரத்தைக் கடவுளின் மரம் எனப் போற்றிக் காத்தனர். அவர்தம் நம்பிக்கை மரத்தைக் காத்தது. மரம் ஊற்றைக் காத்தது. ஊற்று ஊரைக் காத்தது.

கடல் கடந்த கல்வி

வங்காரி கூர்த்த அறிவுடன் கற்றுத் தேர்ந்தாள். தொடக்கப் பள்ளியை முடித்துக் கிறித்தவத் துறவியர் நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே ஒரு விதி இருந்தது. மாணவியர் ஆங்கிலத்திலேயே பேசுதல் வேண்டும். தாய்மொழியில் பேசி அகப்பட்டவள் இழிவுக்குறியாக ஒரு பொத்தானை அணிந்து திரிதல் வேண்டும். இவ்விதியால் ஆங்கிலம் வளர்ந்தது உண்மையே. ஆனால், தம் மொழியும் தம் மக்கள் வழக்கமும் தாழ்ந்தவை என்னும் எண்ணமும் பிள்ளைகள் உள்ளத்தில் உடன் வளர்ந்தது. தாய்மொழியை இகழக் கற்ற பிள்ளை, அம்மொழியில் தாய் கூறிய அத்திமரத்தின் பெருமையை எங்ஙனம் மதிக்கும்? பின்னாளில் அம்மையார் இதனை நினைந்து வருந்தி எழுதியுள்ளார்.

1960ஆம் ஆண்டில் ஏறத்தாழ 300 கென்ய மாணவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் பயில வானூர்தி வழியே அழைத்துச் செல்லப்பெற்றனர். வங்காரி அவருள் ஒருவர். கான்சாசு மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் உயிரியல் பயின்று 1964இல் பட்டம் பெற்றார். பிட்சுபர்க் பல்கலைக்கழகத்தில் 1966இல் முதுகலைப் பட்டம் பெற்றார். இதற்கிடையே 1963 திசம்பரில் கென்யா விடுதலை அடைந்தது. தாயகம் திரும்பிய வங்காரி, நைரோபியில் கால்நடை மருத்துவப் பிரிவில் பணியேற்று ஆராய்ந்து, 1971இல் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

கற்றுத் திரும்பியவர் தம் ஊரை நோக்கினார். கடவுளின் மரம் நின்ற இடத்தில் மரம் இல்லை. அந்நிலத்தை உடைமையாகப் பெற்றவர், அம்மரம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று கருதி, அதனை வெட்டிவிட்டுத் தேயிலை பயிரிட்டிருந்தார். மரம் போனபின் ஊற்றும் வற்றியது. தவளையும் இல்லை, அதன் முட்டையும் இல்லை. தாம் கண்டு மகிழ்ந்ததை அவ்வூர்க் குழந்தைகள் இனிக் காணமாட்டார்கள் என்பது அம்மையாரின் உள்ளத்தை வருத்தியது.

உண்ணி காட்டிய உண்மை

கென்ய மாடுகளுக்கு உண்ணியால் பரவும் கொடிய காய்ச்சல் ஒன்று உண்டு. அதனை ஆராயும் பொருட்டு அம்மையார் நைரோபியைச் சூழ்ந்த சிற்றூர்களுக்குச் சென்று, மாடுகளின் காதில் ஒட்டியிருந்த உண்ணிகளைச் சேர்த்து வந்தார். உண்ணியைத் தேடிச் சென்ற கண்களுக்கு வேறு பல காட்சிகள் புலப்பட்டன. மழை பெய்தபோது ஆறுகள் செந்நிறமாக ஓடின. மலைச்சரிவின் வளமான மண் அவற்றில் கரைந்து சென்றது. மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. அவை மேய்தற்குப் புல் இல்லை. மக்களும் மெலிந்திருந்தனர். மாடுகளுக்கு உண்ணியினும் பெரிய பகை, நிலம் அடைந்த சீர்கேடே என அம்மையார் தெளிந்தார்.

சிற்றூர்ப் பெண்களை அவர் வினவியபோது, அவர்கள் கூறிய குறைகள் நான்கு: விறகு இல்லை; தூய நீர் இல்லை; சத்துள்ள உணவு இல்லை; கையில் காசு இல்லை. இந்நான்கையும் தனித்தனியே நோக்கினால் நான்கு துன்பங்களாகத் தோன்றும். அம்மையார் அவற்றின் வேரை நோக்கினார். ஏற்றுமதிக்குரிய தேயிலையும் காப்பியும் பயிரிடக் காடு வெட்டப்பட்டது. இயற்கைக் காடு நின்ற இடங்களில் வணிகத்துக்குரிய மரங்கள் வைக்கப்பட்டன. அவை பழைய காட்டைப் போல நீரைத் தேக்கித் தரவில்லை. விறகு குறைந்தது. விறகு குறைந்தமையால், நெடுநேரம் வேக வேண்டிய பயறும் கிழங்கும் அடுப்பேறவில்லை. விரைவில் வேகும் மாவும் வெள்ளரிசியும், கடையில் விற்கும் வெள்ளை ரொட்டியுமே குழந்தைகளுக்கு உணவாயின. சத்தற்ற உணவை உண்ட குழந்தைகள் நோயுற்றனர்.

நோயுற்ற குழந்தை எங்ஙனம் பாடம் கற்கும்? பள்ளிக் கட்டிடம் கட்டுதலும் ஆசிரியரை அமர்த்துதலும் மட்டும் கல்வி வளர்ச்சிக்குப் போதா. பிள்ளையின் வயிற்றிற்கு உணவும், அவ்வுணவை ஆக்க விறகும், அவ்விறகைத் தர மரமும் வேண்டும். மரம் நடுதல் ஒன்றே இந்நான்கு குறைகளுக்கும் ஒருங்கே மருந்தாகும் என்று அம்மையார் கருதினார்.

பட்டம் பெறாத வனவர்

அவர்தம் முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. நாற்றங்காலில் வளர்த்த கன்றுகள் நீரின்றி வாடின. எனினும் அவர் சோர்ந்திலர். 1977ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, நைரோபி நகரின் கமுகுஞ்சி என்னும் பூங்காவில், கென்யப் பெண்கள் தேசிய மன்றத்தின் சார்பில் ஏழு மரக்கன்றுகள் நடப்பெற்றன. வெவ்வேறு மரபினரான கென்யத் தலைவர் எழுவர் நினைவாக அவை நடப்பட்டன. அதுவே பசுமை வளைய இயக்கத்தின் தொடக்கம். ஆயிரம் கன்றுகளுக்குக் குறையாமல் நீண்ட வரிசையாக நட்டு, வறண்ட நிலத்திற்குப் பசிய அரைக்கச்சை கட்டியது போலாக்குவதே அவ்வியக்கத்தின் நோக்கமாதலின் அப்பெயர் பெற்றது.

கன்றுகள் தருமாறு வனத்துறையை வேண்டியபோது, அத்துறையின் தலைவர் சிரித்தார். பெண்கள் எத்தனை கன்று நடப்போகிறார்கள் என்று எண்ணி, வேண்டுமளவு இலவசமாகத் தருவதாக வாக்களித்தார். ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, கன்றுகள் மிகுதியாகச் செலவாகின்றன. இனி விலைக்கே தர இயலும் என்று அவர் கூற நேர்ந்தது!

பின்னர்ப் பெண்களே கன்று வளர்க்க முனைந்தனர். அவர்களுக்குப் பயிற்சி தர வனத்துறை அலுவலர் வந்தனர். நிலத்தின் சாய்வு, மண்ணின் அளவு, கருவிகளின் வகை எனப் பலவற்றை அவர்கள் விரித்துரைத்தனர். எழுத்தறியாத பெண்கள் அவ்வுரையைக் கேட்டு மருண்டனர். மரம் நடுதற்கும் பட்டம் வேண்டும் போலும் என்று எண்ணினர். அம்மையார் அவர்களை நோக்கி, சோளமும் பயறும் விதைத்து விளைவிக்கும் கைகளுக்கு மரவிதை மட்டும் முளைக்காதா என்று கூறி ஊக்கினார். பெண்கள் காட்டிலும் வயலிலும் விதை பொறுக்கினர். உடைந்த பானையிலும் பழைய தகரக் குவளையிலும் அவற்றை முளைக்கச் செய்தனர். கோழி கொத்தாதபடி உயரமான இடத்தில் வைத்துக் காத்தனர். பட்டம் பெறாத வனவர் என்னும் பெயர் அவர்களுக்கு வாய்த்தது.

நட்ட கன்று பிழைத்து நின்றால், கன்று ஒன்றுக்குச் சிறு தொகை அப்பெண்களுக்கு அளிக்கப்பட்டது. தொகை சிறிதே, ஆயினும், தம் உழைப்பால் தம் கையில் வந்த காசு என்னும் பெருமிதம் அதில் இருந்தது. நடுதற்கன்றிப் பிழைத்தற்கே கூலி என வகுத்தமை அறிவுடைய செயல். நட்டவுடன் மறந்துவிடும் விழாவாக அது முடியாமைக்கு அம்முறையே காரணமாயிற்று.

தவறான பேருந்து

மரம் நடுதலோடு அம்மையார் அமையவில்லை. ஊர்தோறும் மக்களைக் கூட்டி, அவர்தம் குறைகளை வரிசையாகச் சொல்லுமாறு கேட்பார். மக்கள் நூற்றுக்கு மேற்பட்ட குறைகளையும் சொல்வர். இவற்றுக்குக் காரணம் யார் என்றால், அனைவரும் அரசையே சுட்டுவர். அப்பொழுது அவர் ஒரு பயணியின் நிலையை எடுத்துக்காட்டுவார். ஓர் ஊருக்குச் செல்ல வேண்டியவன் வேறு ஊருக்குச் செல்லும் பேருந்தில் ஏறிவிட்டான். அவனுக்குப் பசியும் அச்சமும் நேர்கின்றன. அவன் ஏன் தவறான பேருந்தில் ஏறினான்? பிறரைக் கேட்டறியாமல் ஏறியிருக்கலாம். பிறர் தவறாக வழிகாட்டியிருக்கலாம். பலகையைப் படிக்கத் தெரியாமல் ஏறியிருக்கலாம். அச்சுறுத்தலுக்குப் பணிந்தும் ஏறியிருக்கலாம். நாமும் அத்தகைய பேருந்தில்தான் செல்கின்றோமா என்று அவர் கேட்பார். தம் நிலத்து மரத்தைத் தாமே வெட்டியதையும், சரிவில் மண் காக்கும் வரம்பு அமைக்காததையும் மக்கள் அப்போது ஒப்புக்கொள்வர்.

எழுத்தறிவித்தல் ஒன்றே கல்வி ஆகாது. தன் நிலையைத் தான் உணர்தலும், தவற்றின் காரணத்தை ஆராய்தலும், திருத்திக்கொள்ளத் துணிதலும் கல்வியே. அவ்வகையில், பள்ளி வாயிலை மிதியாத முதிய பெண்களும் அம்மையாரின் மாணவியர் ஆயினர்.

துன்பமும் துணிவும்

நல்வினைக்கு இடையூறு பல நேர்வது உலகியல்பு. 1989ஆம் ஆண்டில் நைரோபியின் நடுவே மக்கள் இளைப்பாறும் உகுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டிடம் ஒன்றை எழுப்ப அக்கால ஆட்சியினர் திட்டமிட்டனர். அம்மையார் அதனை எதிர்த்து மடல்கள் பல எழுதினார். நாடாளுமன்றத்தில் அவரை இகழ்ந்து பேசினர். அவர் அஞ்சவில்லை. இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1999ஆம் ஆண்டில், கரூரா என்னும் காட்டைத் தனியார்க்குப் பங்கிட்டுக் கொடுத்ததை எதிர்த்து அங்கே மரம் நடச் சென்றபோது, அடியாட்கள் தாக்கியதில் அவர் தலையில் காயமுற்றார். இன்றும் கரூராக் காடு நைரோபி மக்களுக்கு நிழலும் நற்காற்றும் தந்து நிற்கின்றது.

2002ஆம் ஆண்டு இறுதியில் கென்யாவில் ஆட்சி மாறியது. அத்தேர்தலில் அம்மையார் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2003இல் சுற்றுச்சூழல் துறையின் துணை அமைச்சரானார். அவ்வாண்டிலேயே கென்ய அரசு தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை என அறிவித்தது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் புதியராகப் பள்ளியில் சேர்ந்தனர். கட்டணம் ஒன்றே எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்குப் புறத்தே நிறுத்தியிருந்தது என்பது அப்போது புலனாயிற்று. கிமானி மருகே என்னும் எண்பத்து நான்கு வயது முதியவரும் 2004இல் முதல் வகுப்பிற் சேர்ந்து, சிறுவரோடு அமர்ந்து எழுத்துக் கற்றார். ஆயினும், திடீரெனப் பெருகிய மாணவர்க்கு ஏற்ற இடமும் ஆசிரியரும் இன்றிப் பள்ளிகள் இடர்ப்பட்டன. வாயிலைத் திறத்தல் முதற்படி. உள்ளே வந்தவர்க்கு நற்கல்வி அளித்தல் அடுத்த படி. இரண்டும் வேண்டும்.

2004ஆம் ஆண்டில் வங்காரி மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அவரே. மரம் நட்டவருக்கு அமைதிப் பரிசு எதற்கு என்று அந்நாளில் சிலர் வினவினர். நீரும் நிலமும் குறைந்த இடத்தில் மக்கள் அவற்றிற்காகப் போரிடுகின்றனர். அவற்றைப் பெருக்குவார் பூசலின் காரணத்தை நீக்குகின்றனர். இதுவே அதற்கு விடை. அதற்குள் அவ்வியக்கத்தார் நட்ட மரங்கள் மூன்று கோடியாகப் பெருகியிருந்தன.

உலகோர் கண்ட உண்மை

பெண்கள் ஏழு மரக்கன்றுகள் நட்ட அதே 1977ஆம் ஆண்டு அக்டோபரில், சார்சியா நாட்டுத் திபிலிசி நகரில் ஐக்கிய நாடுகள் கல்வி நிறுவனம் ஒரு மாநாட்டைக் கூட்டியது. சுற்றுச்சூழலைப் பற்றிய அறிவு எல்லா வகுப்பினர்க்கும், எல்லா வயதினர்க்கும் அளிக்கப்படுதல் வேண்டும் என்று அம்மாநாடு வலியுறுத்தியது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை, 2030ஆம் ஆண்டிற்குள் அடைய வேண்டிய 17 குறிக்கோள்களை வகுத்தது. அவற்றுள் நான்காவது அனைவர்க்கும் நற்கல்வி. வறுமை ஒழித்தல், தூய நீர், நிலவாழ் உயிர்களின் காப்பு ஆகியனவும் அவ்வரிசையில் உள்ளன. இவை தனித்தனியே நிறைவேறத் தக்கன அல்ல என்பதை அத்திமர ஊற்றின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது. உலகில் 25 கோடிக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரும் இளைஞரும் பள்ளிக்குப் புறத்தே உள்ளனர் என யுனெசுகோ 2024இல் கணக்கிட்டுரைத்தது. அவர்களுள், நீர்க்குடத்துடனும் விறகுச் சுமையுடனும் நடக்கும் சிறுமியரும் உளர்.

நிறைவுரை

வங்காரி மாத்தாய் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் இயற்கை எய்தினார். தம் உடலுக்காக ஒரு மரமும் வெட்டப்படுதல் ஆகாது என்பது அவர் விருப்பம். அதற்கேற்ப, மூங்கிலாலும் கோரையாலும் ஆகாயத்தாமரைத் தண்டாலும் முடைந்த பேழையில் அவர் உடல் வைக்கப்பட்டு எரியூட்டப்பெற்றது.

மாணவர்களே! அத்தாய்க்கு மரத்தைக் காக்கத் தெரிந்தது. ஏன் காக்க வேண்டும் என விளக்கத் தெரியவில்லை. கற்ற மகளுக்கு அதனை விளக்கத் தெரிந்தது. தாயின் சொல்லை மறவாதிருந்தமையால், அக்கல்வி ஊருக்குப் பயன்பட்டது. நீங்கள் பள்ளியில் கற்பவற்றை வீட்டில் மூத்தோர் கூறுபவற்றோடு ஒப்பிட்டு ஆராயுங்கள், காரணம் கேளுங்கள், நல்லவற்றைக் கைவிடாதீர்கள். உங்கள் தெருவில் பள்ளிக்கு வாராத பிள்ளை இருப்பின், அன்று அத்தமையன் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். ஒரு கன்று நடின், அது வேரூன்றித் தழைக்குமளவும் நீர் வாருங்கள்.